வாசலில் நின்ற கீரை

முதலில் எனக்கு வாசற்படி தெரியாமல் போனது. விளக்கு வைக்கும் நேரம். கைக்குழந்தையோடு தடுக்கி விழுந்தேன். குழந்தைக்கு அடியில்லை, என் முழங்கை சிராய்த்தது. பார்த்து நடக்கக் கூடாதா என்று எல்லோரும் கேட்டார்கள். பார்வையே இல்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பொழுது சாய்ந்தால் வீடே எனக்கு மறைந்துவிடும். பகலில் கண் வறண்டு மண் விழுந்ததுபோல் உறுத்தும். மாமியாரிடம் சொன்னேன்.

"பெத்த ஒடம்பு அம்மணி, அப்படித்தான் இருக்கும். பத்தியம் காத்தாச் செரியாப் போயிரும்" என்றார்.

அந்தப் பத்தியத்தைத்தான் சொல்ல வேண்டும். பூண்டு, மிளகுச் சாறு, சோறு. கீரை குளிர்ச்சி, பாலில் இறங்கிப் பிள்ளைக்குச் சளி கட்டும் என்று தொடவிடவில்லை. குழந்தை தும்மும்போதெல்லாம் பத்தியம் நீண்டது. அவள் உட்காரப் பழகிய பிறகும் எனக்கு அதே சோறு.

இடது கண்ணில் பூ விழுந்த (கருவிழியில் வெள்ளைத் தழும்பு) பிறகே கோயமுத்தூர் ஆசுபத்திரிக்கு வண்டி கட்டினார்கள். லேடி டாக்டர் இமையை விரித்துப் பார்த்தார். மாலைக்கண் (மங்கிய வெளிச்சத்தில் பார்வை இழப்பது) முற்றிவிட்டது என்றார். மீனெண்ணெய் கொடுத்தார்.

"தினமும் கீரை சாப்பிட வேண்டும். வீட்டில் ஏதாவது இருக்கிறதா?"

"வாசல்ல செவப்புப் பொன்னாங்கண்ணி இருக்குதுங்க. அது அழகுக்கு வெச்சதுங்க."

"அழகாக இருந்தால் தின்னக் கூடாதா? வேகவைத்து நெய் விட்டுச் சாப்பிடுங்கள்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் மில் குமாஸ்தா. முதலாளி பங்களாவிலிருந்து தண்டு கொண்டுவந்து நட்டவர். ஞாயிறுதோறும் நூல் பிடித்துக் கத்தரிப்பார். கத்தரித்ததை அள்ளி எருமைக்குப் போடுவது என் வேலை. எருமைக்கு ஆனது எனக்கு ஆகவில்லை.

மறுநாள் ஒரு வரிசை முழுவதையும் கிள்ளி உலையில் போட்டேன். சாயங்காலம் மில்லிலிருந்து வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன அம்மணி இப்படி மொட்டையடிச்சுப்போட்ட? மொதலாளி வந்தா என்ன நெனப்பாரு?"

"எனக்குக் கண்ணே தெரியலீங்க. அவரு என்ன நெனச்சா எனக்கென்னங்க?"

அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுவே முதல்முறை. பிறகு அவர் கத்தரியை எடுக்கவில்லை.

மாலைக்கண்ணோடு இதைப் படிக்கிறவளே, ஆசுபத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடாதே. ஒடித்த தண்டை ஈரமண்ணில் ஊன்று, வேர் பிடிக்கும். வெயில் பட்டால் இலை சிவக்கும். கிள்ளக் கிள்ளக் கிளைக்கும். யாரிடமும் உத்தரவு கேட்காதே.

அந்திப் பார்வை மெல்லத் திரும்பியது. இடது கண்ணின் பூ போகவில்லை, போகாது என்றார் டாக்டர். ஒரு கண்ணாவது தப்பியதே என்று வீட்டில் ஆறுதல் சொல்கிறார்கள். எனக்கு ஆறவில்லை.

முன்பெல்லாம் அந்தி என்றால் அடுப்பு வேலை. இப்போது வெளிச்சம் மங்கியதும் மகளை மடியில் வைத்து, இருக்கிற கண்ணால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே சோறு அடிபிடிக்கிறது என்று கூப்பிடுகிறார்கள். பிடிக்கட்டும்.