பெர்மனன்ற் பவளம்

சிட்னிக்கு வந்த பவளம் முதன்முதலாய்ச் சொந்தம் கொண்டாடிய இங்கிலிஷ் சொல் ‘பெர்மனன்ற்’. எழுபத்தாறாம் ஆண்டு குடிவரவு விசாவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். கணவர் மகேந்திரராஜா கணக்காளர். பூட்டிய கதவையும் இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கிற மனிதர். விமானம் தரையைத் தொடமுன்னமே அவளுக்குப் பாடம் எடுத்துவிட்டார்.

“ஆர் என்ன கேட்டாலும் பெர்மனன்ற் எண்டு சொல்லும். விசிற்றர் எண்டு வாய் தவறியும் சொல்லிப்போடாதையும்.”

பவளம் சொன்னாள். விமான நிலையத்தில் சொன்னாள், வங்கியில் சொன்னாள். செவன் ஹில்ஸில் பிஸ்கற் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த அன்று, மேற்பார்வைக்காரன் “ஹவ் ஆ யூ, லவ்?” என்று கேட்டதற்கும் “பெர்மனன்ற்” என்றாள். அவனுக்குப் பெரிய சந்தோஷம். போன கிழமை சேர்ந்தவர்கள் இந்தக் கிழமை நிற்காத தொழிற்சாலை அது.

அடுத்த வருஷம் தங்கச்சி ரஞ்சினிக்குக் கல்யாணம் சரிவந்தது. தாயில்லாத வீடு; மணப்பெண்ணைச் சேலை உடுத்தி வெளிக்கிடுத்த அக்காதான் வேண்டும். மகேந்திரராஜாவுக்கு லீவு கிடைக்கவில்லை. பவளத்தைத் தனியே அனுப்புவதென்று முடிவாயிற்று. அவளைக் குடிவரவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், திரும்பி வர அனுமதிக்கும் முத்திரையைப் பாஸ்போட்டில் குத்துவித்தார். வீட்டுக்கு வந்ததும் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது பிழைச்சுதெண்டால் நீர் அங்கை, நான் இஞ்சை. விளங்குதோ?”

“விளங்குதப்பா. கள்ளநோட்டைப் பாக்கிற மாதிரிப் பாக்காதையுங்கோ, மை அழிஞ்சுபோகும்.”

பயண நாளன்று அவரைக் கயிற்றுக்கு அப்பால் நிறுத்திவிட்டார்கள். பவளம் தனியே மேசைக்குப் போனாள். அங்கே கன்னம் நிறையக் கிருதா வைத்த ஒரு வெள்ளைக்காரப் பொடியன் இருந்தான். வாயைத் திறக்காமல் மூக்கால் பேசுகிற ரகம். பாஸ்போட்டைப் புரட்டியபடி, “லீவிங் பெர்மனன்ற்லி, ஆ யூ?” என்றான்.

மற்றச் சொற்களெல்லாம் காற்றோடு போக, பழகிய ஒரு சொல் மட்டும் காதில் வந்து குந்தியது. பவளம் நெஞ்சை நிமிர்த்தினாள்.

“யெஸ். பெர்மனன்ற்.”

“ஃபோ குட்?” ஒரேயடியாகத்தானா என்பது அவன் கேள்வி.

“வெரி குட்.”

அவன் முகம் வாடியது. “டோன்ற் யூ லைக் அஸ்?”

“லைக். வெரி லைக்.”

பொடியன் தலையைச் சொறிந்தான். ஒரேயடியாய் ஊரைவிட்டுப் போகிறவளுக்குத் திரும்பி வரும் அனுமதி எதற்கு? அந்த முத்திரை இருந்த பக்கத்தை விரித்து, இதைக் கான்சல் பண்ணுகிறேன் என்று இன்னொரு முத்திரையை மையில் ஒற்றினான்.

‘கான்சல்’ பவளத்துக்குத் தெரியும். கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் யாழ்ப்பாண ரயில் ஓடாத நாட்களில் கேட்ட சொல். அவள் கை பக்கத்தின்மேல் சப்பென்று விழுந்தது. முத்திரை வளையல்களுக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

“நோ. ஐ ஆம் கமிங்.”

“யூ ஆ கோயிங், லவ்.”

யாழ்ப்பாணத்தில் வீட்டு வாசல் படலை தாண்டும் எவரும் ‘போறன்’ என்று சொல்வதில்லை. அது திரும்பாத பயணத்துக்கு உரிய சொல். யாராவது வாய்தவறிச் சொன்னால் கூப்பிட்டு இருத்தி, தண்ணீர் குடிக்கவைத்துத்தான் அனுப்புவார்கள். இவனோ விமானம் ஏறுகிற நேரத்தில் ‘கோயிங்’ என்கிறான்.

“டோன்ற் சே கோயிங். பாட் லக். மை லாங்குவேஜ், நோ கோயிங். ஒன்லி கமிங்.”

அப்படியென்றால் வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது என்னதான் சொல்வீர்கள் என்று கேட்டான் அவன்.

“போட்டு வாறன். கோ அண்ட் கம். ஷொப், கோ அண்ட் கம். ஃபக்டரி, கோ அண்ட் கம். சிஸ்டர் வெடிங், கோ அண்ட் கம்.”

“அண்ட் பெர்மனன்ற்?”

பவளம் காலால் தரையைத் தட்டிக் காட்டினாள். “பெர்மனன்ற் ஹியர். ஹஸ்பண்ட் ஹியர்.” கயிற்றடியில் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மகேந்திரராஜாவைக் கையால் சுட்டினாள். ஏன் சுட்டுகிறாள் என்று தெரியாமல், அவர் மரியாதையாய்ப் பொடியனுக்குத் தலையாட்டினார்.

பொடியன் சிரித்துவிட்டான். முத்திரையை ஓரமாய் வைத்தான். வெளியேறும் முத்திரையை மட்டும் வேறு பக்கத்தில் குத்தினான். பாஸ்போட்டை நீட்டும்போது வாயைக் கோணலாக்கி, “போ…டு வாரன்?” என்றான்.

“போடு இல்லை. போட்டு.”

“போட்டு.”

“ம். இப்ப சரி.”

பவளம் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். திரும்பி வரும் முத்திரை கறையில்லாமல் இருந்தது. கயிற்றடியிலிருந்து மகேந்திரராஜாவின் குரல் வந்தது.

“என்னப்பா பிரச்சினை? ஏன் அவனோட சண்டை பிடிச்சனீர்?”

“சண்டை இல்லையப்பா. முத்திரை பத்திரமாய்க் கிடக்கு. அந்தப் பொடியனுக்குத் தமிழ்தான் கொஞ்சம் காணாது.”