மாஸ்டர் போட்ட எஃப்

எங்கள் கழகத்தில் ஆட்டக்காரரைப் பிரித்தெடுக்கும் நாளுக்கு வருகிற கூட்டம் இறுதியாட்டத்துக்குக்கூட வராது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஆக்லாந்தில் பந்தை உதைக்கத் தெரிந்த தமிழரையெல்லாம் திரட்டினாலும் நாலு குழுவுக்குத்தான் தேறும். குளிர்காலம் தொடங்குமுன் சான்ட்ரிங்ஹாமில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுப்போம். நாலு குழுத் தலைவர்களும் முன்னால் கதிரை போட்டு இருந்து, முறைவைத்து ஒவ்வொரு ஆளாகக் கூப்பிட்டுத் தங்கள் பக்கம் எடுப்பார்கள். அது முடிந்த பிறகுதான் உண்மையான விளையாட்டுத் தொடங்கும். பார்க்க வந்த சனம் ஒவ்வொரு தெரிவுக்கும் புள்ளி போடும்.

புள்ளி என்றால் ஊர்ப் பரீட்சைப் புள்ளி. டி என்றால் விசேட சித்தி. சி என்றால் திறமைச் சித்தி. எஸ் என்றால் தப்பிப் பிழைத்தது. எஃப் என்றால் வீட்டுக்குப் போகலாம். முழங்கால் போனவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த பெண்கள், எல்லாரும் பரீட்சகர்கள்தான். அவர்கள் வாயிலிருந்து வருவதைக் கேட்பதற்காகவே நான் நேரத்தோடு போய்விடுவேன். "பந்து காலுக்கு வந்தா இவருக்குத் தன்ரை வீட்டு விலாசமே மறந்துபோகும்" என்று ஒரு அக்கா ஒருவருக்குச் சொன்னார். இன்னொருவருக்கு அவருடைய மனைவியே எஃப் போட்டார். "குப்பை வாளியைத் தூக்கச் சொன்னா இடுப்பைப் பிடிக்கிற மனுசன். இவரை நம்பி ஒரு பக்கத்தை விடுறதோ?" கைதட்டியவர்களில் அந்த மனுசனும் ஒருவர்.

ஆனாலும் கடைசியாகச் சொல்வது மாஸ்டர்தான். ஊரில் கணிதம் படிப்பித்தவர், இங்கே ஒரு பேக்கரியில் பாண் அடுக்கினார். எழும்பி, தொண்டையைச் செருமி, பெறுபேறு வாசிப்பதுபோல் வாசிப்பார். அவருக்குக் கரிநாக்கு என்று ஒரு கதை இருந்தது. முதல் வருடம் ஒரு முன்வரிசைக்காரனைப் பார்த்து, "இவன் பாதியிலை கழண்டிடுவான்" என்றார். மூன்றாவது ஆட்டத்தில் அவனுக்குக் கணுக்கால் முறிந்தது. அடுத்த வருடம் ஒரு குழுவை, "மழை வந்தாக் கரையிற கூட்டம்" என்றார். அவர்களின் அரையிறுதி வெள்ளத்தில் போயிற்று. மாஸ்டரின் முகத்துக்கு முன் யாரும் அதைச் சொல்வதில்லை. ஆனால் அவர் எழும்பும்போது தாய்மார் தங்கள் பிள்ளைகளைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள்.

நான் தலைவனாக இருந்த வருடம் சீட்டுக் குலுக்கலில் முதல் தெரிவு எனக்கு விழுந்தது. நான் எங்கள் வீட்டில் அறை எடுத்திருந்தவனைக் கூப்பிட்டேன்.

அவனுக்கு முப்பது வயது இருக்கும். ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினான். அகதிக் கோரிக்கை ஒருமுறை நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீட்டு விசாரணையும் முடிந்து, முடிவுக்காகக் காத்திருந்தான். வக்கீல் தொலைபேசியில் சொல்வதாகச் சொல்லியிருந்தார். அதனால் எங்கள் வீட்டில் போன் அடித்தால் நான், என் மனைவி, அவன், மூன்று பேரும் ஒரே நேரத்தில் அசையாமல் நிற்போம். இரண்டாவது மணிக்குத்தான் ஒருவர் போய் எடுப்போம்.

அவனைக் கோல் காப்பாளனாக எடுக்க எனக்கு இருந்த ஒரே காரணம் ஒரு எண்ணெய்ப் போத்தல். ஒருநாள் அடுப்படியில் என் மனைவியின் கையிலிருந்து அது வழுகியது. வாசலில் நின்றவன் எப்படி வந்தான் என்றே தெரியாது, நிலத்துக்கு ஒரு சாண் மேலே வைத்துப் பிடித்தான். ஒரு துளி சிந்தவில்லை. "விளையாடியிருக்கிறியோ?" என்று கேட்டேன். "ஓம் அண்ணை, பள்ளிக்கூட டீம்" என்றான். என்ன விளையாட்டு என்று நான் கேட்கவில்லை.

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. என் பக்கத்தில் இருந்த இன்னொரு தலைவர் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த தமிழ்நாட்டுக்காரர். அவர் குனிந்து, "என்ன சார், முதல் சான்ஸைப் போய் கீப்பருக்கா செலவு பண்றீங்க?" என்றார். "போகப் போகப் பாருங்கோ" என்றேன் நான், பெரிதாகத் தெரிந்தவன்போல.

எல்லாத் தெரிவும் முடிந்தது. மாஸ்டர் எழும்பினார். முதல் தெரிவிலிருந்து தொடங்கினார்.

"எஃப்" என்றார். "ஆளிலை பிழையில்லை. ஆனா ஆள் சீசன் முடியுமட்டும் இஞ்சை நிற்கமாட்டான்."

அவர் பகிடியாகத்தான் சொன்னார். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் அப்போது தேத்தண்ணித் தட்டோடு கதிரைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான். தட்டில் ஒரு கோப்பைகூட ஆடவில்லை. மாஸ்டரைப் பார்த்துச் சிரித்து, அவருக்கும் ஒரு தேத்தண்ணி நீட்டினான். மாஸ்டர் வாங்கினார். மற்றவர்களுடைய புள்ளிகளை அவர் என்ன போட்டார் என்று எனக்கு நினைவில்லை. அவருக்கும் நினைவிருக்காது.

வீட்டுக்குள் வந்ததும் அவன், "நான் படுக்கிறன் அக்கா" என்று அறைக்குள் போய்விட்டான். என் மனைவி கைப்பையைக் கதிரையில் எறிந்தாள்.

"இஞ்சாருங்கோ, அந்த மனுசன்ரை வாயாலை வந்திட்டுது. இனி என்ன செய்யிறது?"

"விசர்க் கதை. அவர் என்ன, குடிவரவு அதிகாரியோ?"

"கணுக்கால் முறிஞ்சவனிட்டைப் போய் இதைச் சொல்லுங்கோ."

அடுத்தநாள் காலை அவனைக் கூப்பிட்டு இருத்தி, செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி நாவூறு கழித்தாள். அடுப்பில் போட்டதும் புகை எழும்பி, கூரையில் இருந்த அலாரம் அலறத் தொடங்கியது. நான் கதிரையில் ஏறி கோப்பை துடைக்கிற துணியால் விசுக்க, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் சப்பாத்துப் போடாமல் ஓடிவந்தார். இருமிக்கொண்டே அவன் சிரித்தான். "அக்கா, நாவூறு போகுதோ தெரியாது. வாடகை வீடு போகப்போகுது." அந்த மாதம் அவன் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

புகை போயிற்று. பயம் போகவில்லை. அவன் சாப்பாட்டைக் கோப்பையில் போட்டு அப்படியே மூடி வைக்கத் தொடங்கினான். புதிதாகக் குளிர்ச் சட்டை வாங்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அந்தக் கதையையே விட்டுவிட்டான். கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப ஏன் அண்ணை" என்றான். எனக்கு அந்த 'இப்ப ஏன்' நெஞ்சில் கிடந்து உறுத்தியது. மங்கரே விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் எனக்கு வேலை. தலைக்கு மேலால் விமானம் எழும்பிப் போகும் சத்தம் எனக்கு நாலு வருடமாய்ப் பழகிய சத்தம். அந்தக் கிழமைகளில் ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து பார்த்தேன்.

கடைசியில் என் மனைவி சொன்னாள், "போய் மாத்திப் போடச் சொல்லுங்கோ. ஊரிலை மீள்திருத்தம் எண்டு ஒண்டு இருந்ததுதானே?"

சிரிப்பு வந்தது. ஆனாலும் போனேன்.

மாஸ்டர் கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும், "தெரியும், வருவீர் எண்டு" என்றார். உள்ளே தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடியது. நான் வந்த விஷயத்தைச் சுற்றிவளைத்துச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பக் கழற்றினார்.

"தம்பி, பாவம் பாத்துப் போடுற மார்க்ஸ் பலிக்காது. நீர் கேட்டீர் எண்டதுக்காக நான் டி எண்டு சொல்லலாம். அது வெறும் வாய்ச்சொல்லாத்தான் இருக்கும்."

"அப்ப எஃப் எண்டது வெறும் வாய்ச்சொல் இல்லையோ மாஸ்டர்?"

அவர் கண்ணாடியை மடியில் வைத்தார். "நீங்களெல்லாம் எனக்கு என்ன பேர் வைச்சிருக்கிறியள் எண்டு எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியளோ?" என்றார். "பேக்கரியிலை நிண்டு பாண் அடுக்கேக்கையும் அதுதான் ஓடுது. என்னத்துக்கு இந்த வாய் திறந்தது எண்டு." பிறகு குரலைச் சரிப்படுத்திக்கொண்டு, "சனிக்கிழமை வாறன். ஆட்டத்தைப் பாத்துத்தான் போடுவன். நல்லா விளையாடச் சொல்லும்" என்றார்.

நல்லா விளையாடச் சொல்லும்! அந்தச் சனிக்கிழமை வரை நான் கடவுளிடம் கேட்டது விசா அல்ல, ஒரு நல்ல ஆட்டம். ஆட்டம் கிடைத்தால் விசா தானாக வரும் என்று மனம் எப்படியோ கணக்குப் போட்டுவிட்டது. வெள்ளி பின்னேரம் அவனோடு முற்றத்தில் பந்து எறிந்து பழகினேன். அப்போதுதான் பார்த்தேன். அவன் பந்தைப் பிடிக்கவில்லை. இரண்டு கை விரல்களையும் விரித்து, நெற்றிக்கு மேலே அழகாக ஏந்தி, மெல்லத் திரும்ப எறிந்தான்.

"பள்ளிக்கூட டீம் எண்டாய்..."

"ஓம் அண்ணை. கரப்பந்து, வொலிபோல்."

நான் பந்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

மழை சாய்வாக அடித்தது. மைதானம் கூழ். தமிழ்நாட்டுக்காரரின் குழுவோடு ஆட்டம். மாஸ்டர் ஒரு கறுப்புக் குடையோடு வந்து, சரியாக எங்கள் கோலுக்குப் பின்னால் போய் நின்றார். என் மனைவி பக்கக்கோட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுடைய உதடு அசைவது எனக்கு நடுமைதானத்திலிருந்தே தெரிந்தது.

முதல் பந்து உயர்ந்து வந்தது. அவன் எழும்பினான். என்ன ஒரு எழும்பல்! மற்ற எல்லாத் தலைக்கும் மேலே. இரண்டு கையாலும் பந்தை ஏந்தி, கோலுக்கு முன்னால் அளவாக உயர்த்திக் கொடுத்தான், வலைக்குப் பக்கத்தில் அடிக்கக் காத்திருக்கும் தோழனுக்குக் கொடுப்பதுபோல. அங்கே நின்றது எதிராளி. தலையைக் கொடுத்தான். கோல்.

இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதும். "அவரு தூக்கித் தர்றாரு, நாங்க தட்டிவிடுறோம், அவ்வளவுதான் சார்" என்று தமிழ்நாட்டுக்காரர் என்னைக் கடந்து ஓடும்போது மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார். நான்காவது கோலுக்குப் பிறகு அவன் முழங்காலில் இருந்துவிட்டான். சேற்றில் இரண்டு கையையும் ஊன்றி, தலையைக் குனிந்தபடி. அது பந்துக்காக இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது. புள்ளி போடுகிற அக்காமாரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்.

எனக்கு மாஸ்டரைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆனாலும் பார்த்தேன். அவர் குடையை மடக்கினார். மழை அவருடைய வழுக்கைத் தலையில் விழுந்து கண்ணாடிமேல் வழிந்தது. மண்டபத்தில் பெறுபேறு வாசிக்கிற அதே குரலில், அதைவிட இரண்டு மடங்கு பலமாகக் கத்தினார்:

"எல்லாரும் கேளுங்கோ! உவனிட்டை இருந்து எங்களுக்கு விடுதலையே இல்லை! இன்னும் பத்து வருசத்துக்கு உவன் இந்தக் கம்பத்துக்கு நடுவிலை நிண்டு கோல் விட்டுக்கொண்டுதான் இருக்கப்போறான்! எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ!"

பிறகு என் மனைவி, வாழ்க்கையில் மைதானத்தில் ஒரு சொல் கத்தியிராதவள், "பத்துக் காணாது மாஸ்டர், இருபது எண்டு சொல்லுங்கோ!" என்று கத்தினாள். சனம் வெடித்தது. "முப்பது!" என்றது ஒரு குரல். "பேரப்பிள்ளையளுக்கும் விடுவான்!" என்றது இன்னொன்று. அவன் சேற்றுக் கையால் முகத்தைத் துடைத்தான். முகம் முழுக்கச் சேறாயிற்று. எழும்பி நின்றான். ஐந்தாவதையும் விட்டான்.

அதற்குப் பிறகு போன் வரும்வரை இருந்த நாட்கள் இலேசாகிவிட்டன என்று சொன்னால் பொய். அதே மணி, அதே அசையாமை. மாஸ்டர் கத்தியது பலிக்குமா, முதலில் சொன்னது பலிக்குமா என்று மனம் இரண்டையும் தராசில் போட்டுப் போட்டுப் பார்த்தது. ஒரு வியாழன் பின்னேரம் மணி அடித்தது. இந்த முறை அவனே போய் எடுத்தான். "யெஸ்... யெஸ்... ஓகே" என்றான். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். என் மனைவி கையிலிருந்த கரண்டியோடு நடு வாசலில் நின்றாள்.

"என்னவாம்?"

"நிற்கலாமாம் அக்கா."

அவள் அப்படியே நிலத்தில் இருந்து அழுதாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் மாஸ்டருக்குப் போன் எடுத்தேன். சொன்னேன். மறுபக்கத்தில் அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது.

"அவனுக்குச் சொல்லும்" என்றார் பிறகு. "அண்டைக்கு ஆடின ஆட்டத்துக்கு எஃப்தான். அதை மாத்தேலாது."

"சொல்லுறன் மாஸ்டர்."

"வடிவாச் சொல்லும்" என்றார். போனை அவரும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.