ரோசம்மாவின் முந்தானையில் பிடித்த தீ

கல்லறைத் திருநாளன்று மாலை எங்கள் மியூசியத்தில் தீப்பிடித்தது. டிக்கெட் கவுண்டரில் என் மகள் ஜெனி இருந்தாள். கல்லூரி விடுமுறை என்று உதவிக்கு வந்திருந்தாள். அலறல் கேட்டு ஓடிய நான் ஃபயர் சிலிண்டரின் பின்னை இழுப்பதற்குள், வாசலில் சேறு துடைக்கப் போட்டிருந்த ஈரச் சாக்கால் அவளே அடித்து அணைத்துவிட்டாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

கம்பம்மெட்டுக்குப் பக்கத்தில், ஓர் எஸ்டேட்டின் பழைய ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில்தான் மியூசியம். கறுப்பு வெள்ளைக் காலத்தில் பெரிய நடிகையாக இருந்தவர் இந்த எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். சினிமாவில் அவருக்கு வேறு பெயர், இங்கே ரோசம்மாதான். அவர் இறந்தபின் சென்னையிலிருக்கும் மகன் கொடுத்த பொருட்களை வைத்துத்தான் நடத்துகிறோம். நான் பொறுப்பாளர். மரப்பொம்மைக்கு உடுத்தியிருக்கும் அவருடைய பட்டுப்புடவையைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வருவார்கள். கருகியது அதன் முந்தானை. பொம்மையின் காலடியில் யாரோ மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறார்கள்.

ரோசம்மாவின் மகனுக்கு போன் செய்து சொன்னேன்.

"அங்க சேஃப்டி இல்லன்னு புரிஞ்சுபோச்சு மேடம். எல்லாத்தையும் பேக் பண்ணி வைங்க. நானே வந்து எடுத்துக்கறேன்."

பொருட்கள் போனால் மியூசியமும் போனதுதான். அழுதுகொண்டே பெட்டிகளைக் கட்டினேன். அடுத்த சனிக்கிழமை அவர் வந்தபோது லயத்துப் பெண்கள் வாசலில் கூடி நின்றார்கள்.

"யாரும்மா ஏத்துனது?" என்று கேட்டார்.

ஏலக்காய் எடுக்கிற ஆரோக்கியம் அக்கா முன்னால் வந்தார். "நாந்தான் சார்."

"மெழுகுவர்த்தி ஏத்தக் கூடாதுன்னு போர்டு இருக்கே?"

"போர்டுப் பக்கத்துல ஏத்தலயே சார். தள்ளித்தான் ஏத்துனேன்."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"லயத்துல செத்தவுக எல்லாருக்கும் அன்னைக்கு நாங்க திரி ஏத்துவோம். ரோசக்காவுக்கு மட்டும் இங்க குழி இல்ல. அவுக சேலையாவது இருக்கேன்னு அதுங்காலடில வச்சேன். இந்தப் புள்ள கை வெந்துபோச்சு, அது என் பாவம். ஆனா நீங்க சொல்லுங்க சார், மெட்ராஸ்ல அவுகளுக்கு யாராச்சும் ஏத்துனாகளா?"

அவர் ஜெனியின் கைக்கட்டைப் பார்த்தார். பிறகு முற்றத்தில், முன்பு தராசு நின்ற சிமெண்ட் மேடையருகே போய் நின்றார்.

"இங்க ஏத்தலாமா?"

அக்கா மடியிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்தார். மலைக்காற்றில் அது அணைந்துகொண்டே இருந்தது. கடைசியில் மகனே குந்தி உட்கார்ந்து, கைகளைக் குவித்து மறைத்துக்கொண்டார். திரி பிடித்தது.

பெட்டிகளை அவர் எடுத்துப் போகவில்லை. புடவையை மறுபடி பொம்மைக்கு உடுத்தும்போது கருகிய ஓரத்தை உள்ளே மடித்துவிடப் போனேன். "மறைக்காதீங்க மேடம். அதுவும் அம்மா கதைதானே" என்றார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆட்கள் பார்க்க மட்டும் வருவதில்லை. எதையோ செய்யவும் வருகிறார்கள். கூடாது என்று எழுதுவதற்கு முன்னால், அதை எங்கே செய்யலாம் என்று ஓர் இடம் காட்டுங்கள். எங்கள் போர்டில் இப்போது அந்த மேடையைக் காட்டும் அம்புக்குறி இருக்கிறது.

ஜெனியின் கை ஆறிவிட்டது. விடுமுறையில் மறுபடியும் கவுண்டரில் உட்காருகிறாள். வாசல் சாக்கை நான் தினமும் நனைத்துப் போடுகிறேன். "மழைதான் பெய்யுதேம்மா" என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.