இருக்கிற கண்

அம்மாவுக்கு இடது கண் மட்டும்தான் தெரியும். வலது கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. இருந்த ஒன்றிலும் வெள்ளை படர்ந்துவந்தது. பறிக்கும்போது தேயிலைக் கொழுந்தோடு முற்றின இலையும் கூடையில் விழ ஆரம்பித்ததும் மலைக்கு வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

போன வருஷம் நானும் அப்பாவும் அவளை இரத்தினபுரியில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனோம். டாக்டர் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். ஆபரேஷன் செய்தால் பெரும்பாலானவர்களுக்கு நன்றாகத் தெரியும், ரொம்பக் கொஞ்சம் பேருக்கு இருக்கிற பார்வையும் போய்விடலாம், வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்றார். எங்கள் மூன்று பேருக்கும் சிங்களம் நன்றாகவே தெரியும்.

ஊருக்குத் திரும்ப கஹவத்தை பஸ்ஸில் உட்கார்ந்ததுமே அப்பா, கண் போய்விடும் என்று டாக்டரே சொல்லிவிட்டாரே என்றார். நல்லா வரும் என்றுதானே சொன்னார் என்றாள் அம்மா. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டையும்தான் சொன்னார் என்றேன். அதனால் ஒன்றும் ஆகவில்லை.

இன்னொரு கண் இருந்திருந்தால் நானே சரி என்றிருப்பேன் என்று அப்பா என்னிடம் தனியாகச் சொன்னார். எனக்கும் அவர் பக்கம்தான் மனசு சாய்ந்தது. அவர் அவளைக் குழாயடிக்குக் கைபிடித்துக் கூட்டிப்போவார், மீனில் முள் எடுத்துக் கொடுப்பார். இப்படியே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்தார்.

ஒருநாள் சாப்பிடும்போது, "இருக்கிறத வச்சுக்கிட்டு இருப்போமே" என்றார்.

அம்மா சோற்றிலிருந்து கையை எடுத்தாள். பிறகு சொன்னாள்:

"நீங்க இருக்கிறதுன்னு சொல்றீங்க. எனக்கு அது தினமும் போய்க்கிட்டுத்தாங்க இருக்கு. பேரப்புள்ள சிரிக்குதா அழுவுதான்னு சத்தத்த வச்சுத்தான் கண்டுபிடிக்கிறேன்."

என் பிள்ளையைத்தான் சொன்னாள். மறுநாள் அப்பாவே போய் ஆபரேஷனுக்கு நாள் வாங்கிவந்தார்.

ஆபரேஷன் அன்றைக்கு நான் சாப்பிட வாங்கிக் கொடுத்த பனிஸ் ரொட்டியை அப்பா பிய்த்துக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் கட்டை அவிழ்த்தார்கள். அப்பா கதவோரமாகவே நின்றார். அம்மா கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"சட்டைப் பட்டன மாத்திப் போட்டிருக்கீங்க. இங்க வாங்க."

அப்பா போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவள் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். கண்ணுக்கு மருந்து விட நர்ஸ் வந்து நின்றாள். அவர் எழுந்திருக்கவே இல்லை.