எல்லா பஸ்ஸும் நின்ற தரிப்பிடம்

நகரத் திட்டமிடல் படித்துவிட்டு மாத்தளைக்கு உத்தியோகத்துக்கு வந்தபோது, மாவட்டத்தின் பஸ் பாதைகளையெல்லாம் நானே மாற்றி வரையப்போவதாக நினைத்திருந்தேன். மலைக்கு அப்பாலுள்ள பல்லேகமவுக்குக்கூட சிவப்புப் பென்சிலால் ஒரு நேரடிச் சேவை வரைந்து வைத்திருந்தேன். உத்தியோக காலம் முழுவதிலும் நான் கட்டி முடித்தது ஒரேயொரு பஸ் தரிப்பிடம். அதுவும் தகரக் கூரை.

அலுவிகாரைக்கு வடக்கே, தோட்டத்து ரோட்டு வந்து மெயின் ரோட்டில் ஏறுகிற சந்தியில் அது இருந்தது. தோட்டத்துப் பெண் பிள்ளைகள் நாலு பேர் டவுனில் படித்தார்கள். காலை பஸ் அந்தச் சந்தியில் நிற்காது. அலுவிகாரை வரை நடந்து அடுத்த பஸ்ஸைப் பிடித்தால், போய்ச் சேரும்போது பள்ளிக்கூட கேட் பூட்டியிருக்கும். இருட்டோடு புறப்படச் சொல்லவும் முடியாது. அந்த யுத்த வருஷங்களில் எந்தத் தாய் அனுப்புவாள்?

டிப்போவுக்கு நடையாய் நடந்தேன். "நீங்க சொன்ன எடத்துல நிப்பாட்ட இது என்ன உங்க கல்யாணக் காரா?" என்று கேட்டார் அங்கிருந்த அதிகாரி. கடைசியில் என் தொல்லை தாங்காமல் சம்மதித்தார். இடத்தை நானே தெரிந்தெடுத்தேன். இரண்டு பக்கமும் ரோட்டு நீளத்துக்குத் தெரியும், வருகிற பஸ்ஸைப் பிள்ளைகள் தூரத்திலேயே கண்டுகொள்ளலாம். உள்ளே உட்கார ஒரு சீமெந்து வாங்கு.

கொஞ்ச நாள் பஸ் நின்றது. பிறகு வேறெங்கோ ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்தது. ஆமிக்காரர் சோதனைக்கு இடம் தேடினார்கள், இரண்டு பக்கமும் ரோட்டு தெரிகிற இடமாக. வேறெங்கே போவார்கள்? என் வாங்கில் மணல் மூட்டைகள் உட்கார்ந்துகொண்டன.

ஒரு பஸ்ஸை நிறுத்த நான் மாதக்கணக்கில் கெஞ்சினேன். அவர்கள் ஒரே காலையில் எல்லா பஸ்ஸையும் நிறுத்தினார்கள், கொழும்பு எக்ஸ்பிரஸ் உட்பட. ஆனால் ஒரு கட்டளை: இறங்கிச் சோதனைக்குப் போனவர்கள் மட்டும்தான் திரும்பி ஏறலாம். எண்ணி இறக்கி, எண்ணி ஏற்றினார்கள். பிள்ளைகள் எதிர்ப்பக்கம் மழையில் நின்று, நிற்கிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நானும் அதே பஸ்ஸில்தான் வேலைக்குப் போவேன். நான் போட்ட கூரையின் கீழே கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். "இது நான் கட்டினது" என்று ஒருநாள் சிங்களத்தில் பெருமையடித்தேன். "நல்லாக் கட்டியிருக்கீங்க, மாத்தயா, ஒழுகல்ல" என்றபடி ஆமிக்காரர் என் இடுப்பைத் தடவிப் பார்த்தார். பிள்ளைகளைக் காட்டினேன். "மேலிடத்துக் கட்டளை" என்றார்.

மூத்தவளுக்கு அது ஓ.எல். பரீட்சை எழுதுகிற வருஷம். ஒரு திங்கட்கிழமை எனக்கு ஒன்று தோன்றியது. அவர்களுக்கு எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும்தானே? இறங்கினேன், ஏறவில்லை.

"நீ போம்மா" என்றேன் மூத்தவளிடம்.

"நீங்க, சேர்?"

"நான் பிந்திப் போறேன். அரசாங்க உத்தியோகம், யாரும் கவனிக்க மாட்டாங்க."

அவள் பையைத் திறந்து காட்டிவிட்டு வரிசையோடு ஏறினாள். எண்ணிக்கை சரி. ஆமிக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

மறுநாள் நாலு பேரும் ரிப்பன் கட்டி வரிசையாக நின்றார்கள். இரண்டாமவள் முன்னுக்கு வந்தாள். "இன்னைக்கி என் முறைங்க, சேர். அக்காவுக்கு ஓ.எல்.னு ரெண்டு நாள். திங்களும் வெள்ளியும்."

"எனக்கு ஏன் புதன்? புதன்ல வெறும் வெளையாட்டுப் பாடந்தான்!" என்று கத்தியது கடைசிக் குட்டி.

நான் போட்ட கால அட்டவணை எதுவும் ஓடியதில்லை. அவர்கள் போட்டது ஓடியது. மிஞ்சிய மூவரோடும் அலுவிகாரை வரை நடப்பேன்.

"சேர், உங்க ஆபீசுல வேற சோம்பேறிங்க இல்லையா? இன்னும் ரெண்டு பேரு எறங்கினா நல்லாயிருக்கும்."

"இருக்காங்க. ஆனா பஸ்ஸுக்குத் திட்டம் போடுறவங்க பஸ்ல வர்றதில்ல, வேன்ல வர்றாங்க."

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே பூட்டிய கேட்டுக்குப் போனார்கள்.

பிறகு ஆமிக்காரர் மாறினார்கள். புதியவர் என் ஐ.சி. அட்டையில் பெயரை வாசித்துவிட்டு, "தினமும் இங்க எறங்கி நிக்கிறது நீயா?" என்றார். என் பையில் அளவு நாடாவும் ரோட்டுப் படங்களும் இருந்தன. தமிழ்ப் பெயர், ரோட்டுப் படம், காரணமில்லாமல் சோதனைச் சாவடியில் நிற்கிற பழக்கம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் என்னைப் பிடித்திருப்பேன். மாலை வரை மணல் மூட்டைகளுக்கு நடுவே என் வாங்கில் இருத்தினார்கள். அதில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உயரம் போதாது, முழங்கால் வலித்தது.

"எறங்கினா ஏறணும்" என்று சொல்லிப் போக விட்டார்கள். "அடுத்த தடவை இங்க வச்சு விசாரிக்க மாட்டோம்."

மறுநாள் காலை இறங்கினேன், காட்டினேன், ஏறினேன். புதன்கிழமை. கடைசிக் குட்டி சோதனைக்குப் பையைத் திறந்து பிடித்தபடியே ரோட்டைக் கடந்து என் ஜன்னலுக்குக் கீழே வந்தது.

"சேர், எறங்கலையா? இன்னைக்கி என் முறைங்க."

கொண்டக்டர் மணியடித்தார். எண்ணிக்கை சரியாக இருந்தது.