டிவியில் வந்த கப்பலும் தோருனின் சட்டமும்

என் பக்கத்து வீட்டுத் தோருன் மீன் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். பிடிவாதக்காரி. மகள் வில்யாவுக்கு ஐந்து வயது. மிட்டாய் சனிக்கிழமை மட்டும். டிவி மாலை ஆறு மணிக்கு. குழந்தைகள் நிகழ்ச்சி முடிந்ததும் பட்டென்று அணைத்துவிடுவாள்.

"ஜெயிலராப் போயிருக்க வேண்டியவடி நீ" என்று சீண்டுவேன். சிரித்துக்கொண்டேதான் அணைப்பாள்.

அப்படிப்பட்டவள் அந்தக் கோடையில் ஏமாந்தாள். கரையோரமாக வடக்கே போகும் கப்பலில் கேமராவைக் கட்டி, டிவியில் இரவு பகலாக நேரலையாகக் காட்டினார்கள். கதை கிடையாது, பேச்சு கிடையாது. மலை வரும், போகும். நாடே வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தது.

"வெறும் கடல்தானே, ஓட்னி. பார்த்துட்டுப் போகட்டும்" என்றாள் என்னிடம்.

அந்த வெறும் கடல்தான் பிள்ளையை விழுங்கியது. வில்யா சோபாவை விட்டு இறங்கவில்லை. பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டி கையிலேயே காய்ந்தது. அலை வெளிச்சம் முகத்தில் ஆட, பாதித் தூக்கத்தில் மிதந்தாள். கூப்பிட்டால் திரும்பவில்லை, அணைத்தால் அழுது புரண்டாள்.

"என் பிள்ளைக்கு நான் வேண்டாதவளாயிட்டேன்" என்று தோருன் என் சமையலறையில் அழுதாள். எனக்கு அந்தப் பெட்டியை உடைக்கலாம் போல ஆத்திரம்.

எங்கள் தீவைக் கப்பல் கடக்கும் காலையில், ஊரே கொடியோடு படகுத்துறைக்கு இறங்கியது. துறை எங்கள் மேட்டுக்கு நேர் கீழேதான்.

"வாடி செல்லம், கப்பலுக்குக் கையாட்டலாம்."

"கப்பல் இங்கயே இருக்கேம்மா!"

தோருன் மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு தனியாகப் போனாள். நான் பிள்ளைக்குத் துணையாக இருந்தேன்.

திரையில் எங்கள் துறை வந்தது. கூட்டத்தின் ஓரத்தில் மஞ்சள் கோட்டு கையாட்டியது.

"அம்மா!" வில்யா எழுந்து திரையைத் தொட்டாள். கப்பல் நிற்காமல் விலகியது.

"ஓட்னி, அம்மா சின்னதாயிட்டே போறாங்க! எங்க போறாங்க?"

"எங்கயும் போகலடி, கப்பல்தான்..."

முடிப்பதற்குள் வெறும் காலுறையோடு வாசலைத் தாண்டிவிட்டாள்.

பக்கத்திலேயே ஜன்னல் இருக்க, நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், வெட்கக்கேடு. கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. மஞ்சள் புள்ளி மட்டும் இன்னும் கையாட்டியபடி நின்றது. ஒரு குட்டிப் புள்ளி ஓடிவந்து அதில் ஒட்டிக்கொண்டது. மஞ்சள் புள்ளி குனிந்தது.

அதற்குமேல் அது கப்பலுக்குக் கையாட்டவில்லை.