நெஞ்சுக்குள் மூடாத குழாய்

கந்தப்பனுக்குப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பதினெட்டு வருடம் தண்ணீர்க் குழாய் பார்த்தவர். மலைமேல் தொட்டியிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு வரும் குழாய் மண்ணுக்கடியில் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க, ஓர் இரும்புக் கம்பியை அதில் ஊன்றி மறுமுனையில் காதை வைப்பார். ஒழுக்கிருந்தால் விடாமல் இரையும். இரைந்த இடத்தைத் தோண்டி அவர் ஏமாந்ததில்லை.

தொண்ணூற்றெட்டில் அவர் மகள் சுலக்ஷனாவுக்கு எட்டு மாதம். எடையோ நாலு மாதப் பிள்ளையினுடையது. பால் குடிக்கையில் மூச்சு வாங்கும், நெற்றி வியர்க்கும், பாதியில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தோட்டத்து மருந்துக்காரர் கணேசமூர்த்தி மூன்று தடவை காட்டியபோதும் சளி என்றே மருந்து கலக்கிக் கொடுத்தார்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, பிள்ளை விலா எலும்பு தெரிய மூச்சிழுத்தது. மனைவி வீரம்மா அழத் தொடங்கினாள். கந்தப்பன் என்ன நினைத்தாரோ, பிள்ளையின் இடது காறை எலும்புக்குக் கீழே காதை வைத்தார். வைத்தவர் அசையவில்லை. துடிப்புக்குப் பின்னால் ஓயாத ஓர் இரைச்சல்.

"இது சளியில்ல வீரம்மா. உள்ளுக்குள்ள ஒழுகுது."

"வாயக் கழுவுங்க! புள்ள நெஞ்சு என்ன ஒங்க பைப்பா?"

பிள்ளையை வாரிக்கொண்டு தோட்டத்து மருந்தகத்துக்கு ஓடினார். மருந்துக்காரர் துண்டுச் சீட்டு எழுதினால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகத் தோட்டத்து லொறி கிடைக்கும். கணேசமூர்த்தி பேனாவைத் தொடவில்லை.

"பைப்புக்காரன் எப்பருந்துய்யா டாக்டரானான்?"

"நீங்களே முன்பக்கம் வச்சுக் கேளுங்க ஐயா. புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒங்கள சும்மா விடமாட்டேன்."

"மெரட்டுறியா?"

"ஆமாங்க. மெரட்டுறேன்."

அதுவரை சளிக்காக முதுகை மட்டுமே பரிசோதித்தவர், வேண்டாவெறுப்பாகக் கருவியை நெஞ்சில் வைத்தார். முகம் வெளுத்தது. பேனாவை எடுத்துத் துண்டை எழுதினார்.

லொறியில் நுவரெலியா வரை ஒவ்வொரு வளைவிலும் பிள்ளையின் உதடு சாம்பல் பூத்தது. "மூச்சு இருக்காங்க?" என்று வீரம்மா கேட்டுக்கொண்டே வந்தாள். கந்தப்பன் ஒவ்வொரு தடவையும் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் குகநேசன் உடனே ஒக்சிசன் வைத்தார். மூச்சு சற்றுத் தணிந்த பிறகு இருவரையும் கூப்பிட்டார்.

"கருவில பிள்ளைக்கு நுரையீரல் வேலை செய்யாது. அங்க போற இரத்தத்தை ஒரு குறுக்குக் குழாய், உடம்புக்கு இரத்தம் கொண்டுபோற பெரிய நாடிக்குத் திருப்பிவிடும். கரு உருவாகிற நாலாம் கிழமை தொடக்கம் கழுத்தடியில சோடி சோடியா வளைஞ்ச குழாயள் வரும். சிலது அழிஞ்சு போகும், சிலது பெரிய நாடியளா மாறும். அதில ஒண்டுதான் இது. பெரிய நாடியின்ர சுவர் ரப்பர் மாதிரி இழுபடும். இதின்ர சுவர் முக்கால்வாசி தசை. பிறந்து மூச்செடுத்தால் ரெண்டு மூண்டு நாளில தானே நெரிஞ்சு மூட வேணும். உங்கட பிள்ளைக்கு மூடேல்லை."

"அப்ப பெரிய நாடிங்கிற மேல் லைன் அழுத்தமெல்லாம் இப்ப திரும்பி நுரையீரல் பக்கத்துக் கீழ் லைனுக்குள்ள பாயுதுங்களா? அந்தப் பக்கம் வெள்ளமா இருக்குமே!"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "அதேதான். நுரையீரல் தாங்காது. இனித் தானா மூடவும் மாட்டுது. கொழும்பில நெஞ்சைத் திறந்து கட்ட வேணும்."

"நெஞ்ச வெட்டுறதா?" வீரம்மா புருஷன் கையைப் பிடித்தாள். "வேணாங்க, வீட்டுக்குப் போவோம்."

"வீட்டுக்குப் போயி என்னடி செய்ய? மூச்சு நிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கவா?"

கொழும்பில் பன்னிரண்டாம் நாள் பிள்ளையை ஒப்பரேஷன் அறைக்குள் கொண்டுபோனார்கள். கந்தப்பன் மூன்று மணி நேரம் சுவரோரம் நின்றார்; உட்காரச் சொன்னவர்களை முறைத்தார். வெளியே வந்த கொழும்பு டாக்டர், குழாயைக் கட்டியாயிற்று, பிள்ளை நன்றாயிருக்கிறாள் என்று சிங்களத்தில் சொன்னார்.

கந்தப்பன் அரைகுறைச் சிங்களத்தில், எத்தனை கட்டு என்று கேட்டார்.

டாக்டர் சிரித்தபடி இரண்டு விரலைக் காட்டினார்.

"பைப்புல ஒத்தக் கட்டு நிக்காது. ஒரு கட்டுன்னா சண்டைக்குப் போயிருப்பேன்" என்று வீரம்மாவிடம் சொல்லிவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தார்.